அறுந்த இழை எது என்று அறிவது யார்?

(கோலியனூர் வட்டாரக் கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

சென்ற கோடையில், கோலியனூருக்கு அருகிலுள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டத்திற்கு அலுவல் நிமித்தம் சென்றிருந்தேன். வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்ட பின், அங்கத்தினர்களின் வினாக்களுக்கு நேரம் ஒதுக்கப்பட்டது. கரும்பு பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் எழுந்தார். கடனைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. "ஐயா, 2024-ஆம் ஆண்டுக் கார்த்திகையில் ஃபெஞ்சல் புயல் அடித்து மின்சாரம் நின்றது. கம்பங்கள் சாய்ந்து கிடந்ததைக் கண்ணால் கண்டோம், பொறுத்துக்கொண்டோம். ஆனால், இலை அசையாத நண்பகலில், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் சட்டென்று நின்று, அரை மணியில் தானாகவே வருகிறதே, அதற்குக் காரணம் யாது? கேட்டால் ஒருவரும் சொல்வதில்லை" என்றார்.

நான் விடை கூறுமுன், முன்வரிசையில் அமர்ந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர் திரும்பி, "எங்கேயோ ஓர் இழை அறுந்திருக்கும், தம்பி. தறியில் உட்கார்ந்தவனுக்கு அது அப்போதே தெரியும். இங்கே தறியும் தெரியவில்லை, உட்கார்ந்தவனும் தெரியவில்லை" என்றார். அவையில் சிரிப்பு எழுந்தது. ஆயினும் பெரியவரின் சொல்லில் அடங்கியிருந்த உண்மை, திரும்பி வரும் வழியெல்லாம் என் நினைவில் நின்றது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்களில் நேரும் மின்தடைகளில் பெரும்பாலானவை உள்ளூர்ப் பழுதுகளால் நேர்பவையே. மரக்கிளை உராய்வதும், டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போவதும் அன்றாட நிகழ்ச்சிகள். ஆனால், பல நூறு மைல்களுக்கு அப்பால் ஒரு பெரிய உற்பத்தி யந்திரம் திடீரென நின்றுபோவதால், நம் ஃபீடர் தானாகத் துண்டிக்கப்படுவதும் உண்டு. காற்றாலைகளும் சூரிய ஒளிப் பலகைகளும் பெருகிவரும் இந்நாளில், நின்றுபோன யந்திரம் எது என்று கண்டறியும் வேலை முன்னிலும் கடினமாகி வருகிறது. அந்த வேலையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதும், அப்பங்கைச் செய்ய ஆகும் செலவு எளியோர் தலையில் விழலாகாது என்பதுமே நான் இங்கே சொல்ல விழைபவை. நான் மின்பொறியாளன் அல்லன். கல்லூரியில் பௌதிகம் பயின்று, இன்று சங்கங்களின் கணக்கைப் பார்ப்பவன். இதுவும் ஒருவகையில் கணக்குப் பார்க்கும் விஷயமே ஆதலால் எழுதத் துணிந்தேன்.

நீர்மட்டம் சொல்லும் செய்தி

தென்பெண்ணையிலிருந்து வரும் வாய்க்கால் ஒன்றை எண்ணிக்கொள்வோம். பல மதகுகளின் வழியே அதில் நீர் வந்து சேர்கிறது. பல வயல்களுக்கு அது பாய்கிறது. வருவதும் போவதும் சமமாக இருக்கும்வரை நீர்மட்டம் மாறாது. மேலே ஒரு மதகு அடைபட்டால் மட்டம் இறங்கும். கடைமடை உழவர் மட்டம் இறங்கியதைக் காண்பார். ஆனால் அடைபட்ட மதகு எது என்பதை அவரால் கூற இயலாது.

மின்சாரத்திலும் இத்தகைய மட்டம் ஒன்று உண்டு. அதற்கு அதிர்வெண் என்று பெயர். நம் நாட்டில் அது நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ். அனல்மின் நிலையத்தின் ஜெனரேட்டர் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும்போது இந்த 50 கிடைக்கிறது. 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இதனை வைத்திருக்க வேண்டும் என்பது இந்திய மின்தொகுப்பு விதி. உற்பத்தி குறைந்தால் அதிர்வெண் இறங்கும். தேவை குறைந்தால் ஏறும்.

ஒரு காலத்தில் பைகாரா (1932), மேட்டூர் (1937), நெய்வேலி (1962) என்று நம் உற்பத்தி நிலையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றோ 2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைக்கப்பட்டது முதல், தென்னாடும் வடநாடும் ஒரே மின்தொகுப்பாகிவிட்டன. கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் யந்திரம் ஒன்று நின்றாலும், குஜராத்தில் ஒன்று நின்றாலும், அதே கணத்தில் கோலியனூரில் உள்ள மோட்டாரின் சுழற்சி மயிரிழையளவு குறையும். மற்ற நிலையங்கள் உடனே கைகொடுத்து மட்டத்தை உயர்த்திவிடுவதால் நமக்கு அது தெரிவதில்லை. கைகொடுக்க இயலாமல் அதிர்வெண் மேலும் சரிந்து 49-ஐ நெருங்குமாயின், துணை மின்நிலையங்களில் உள்ள ரிலே கருவிகள், மனிதர் கை படாமலே, சில ஃபீடர்களைத் துண்டித்துவிடும். முழு நாடும் இருளில் மூழ்காமல் காக்கும் கடைசி ஏற்பாடு இது. தெளிந்த வானத்தின் கீழ் மோட்டார் நின்றுபோவதற்கு இவ்வாறும் ஒரு காரணம் உண்டு.

கனத்த சக்கரமும் கனமில்லாத பலகையும்

பழைய ஆயில் எஞ்சின்களில் பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று இருந்ததை மூத்த உழவர்கள் அறிவர். எண்ணெயை நிறுத்தினாலும் அச்சக்கரத்தின் கனத்தால் எஞ்சின் சிறிது நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அனல், அணு, நீர் மின்நிலையங்களின் ஜெனரேட்டர்களும் அத்தகைய சக்கரங்களே. ஒன்று நின்றால், மற்றவற்றின் கனம் அதிர்வெண்ணைச் சட்டென விழவிடாமல் தாங்கும். இத்தன்மையை நிலைமம் என்பர். அது தரும் அவகாசம் சில நொடிகளே. அதற்குள் நிகழ்ந்தது யாது என்று அறிந்து, மாற்று ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

சூரிய ஒளிப் பலகையில் சுழல்வது ஒன்றுமில்லை. இன்வெர்ட்டர் என்னும் கருவியின் வழியே அது மின்சாரத்தைத் தருகிறது. புதுவகைக் காற்றாலைகளில் இறக்கை சுழன்றாலும், மின்சாரம் மின்னணுக் கருவிகளின் வழியே வருவதால், அச்சுழற்சியின் கனம் தானாக மின்தொகுப்புக்கு வந்து சேர்வதில்லை. ஆதலின் இவற்றின் பங்கு கூடக் கூட, நமக்குக் கிடைக்கும் அவகாசம் குறைகிறது.

ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். 2,00,000 மெகாவாட் தேவையுள்ள ஒரு மின்தொகுப்பில், சுழலும் யந்திரங்களே முழுவதையும் தருவதாகக் கொள்வோம். அவற்றின் சுழற்சியில் 4 நொடித் தேவைக்குரிய ஆற்றல் சேர்ந்திருப்பதாகவும் கொள்வோம். அதில் 1,000 மெகாவாட் இழந்தால் அதிர்வெண் முதலில் நொடிக்குச் சுமார் 0.03 ஹெர்ட்ஸ் வீதம் இறங்கும். அந்த யந்திரங்களில் பாதியின் இடத்தைப் பலகைகள் பிடித்துக்கொண்டால் 0.06 வீதம் இறங்கும். பெரிய நாட்டில் இது தாங்கக்கூடியதே. தேவை 2,000 மெகாவாட்டேயான ஒரு சிறு மின்தொகுப்பில் 300 மெகாவாட் இழந்தால், வீழ்ச்சி நொடிக்கு ஏறக்குறைய 1 ஹெர்ட்ஸ் ஆகும். பாதிச் சக்கரங்கள் இல்லாவிடின் அதுவே 2 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். யாரேனும் பார்த்துத் தொலைபேசியை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கண்டறியும் முறை

மின்சுமைப் பகிர்வு மையங்களில் இரவும் பகலும் பொறியாளர்கள் அமர்ந்திருக்கின்றனர். மாநிலத்திற்குச் சென்னையிலும், தென் மண்டலத்திற்குப் பெங்களூரிலும், நாடு முழுவதற்கும் புதுதில்லியிலும் இம்மையங்கள் உள்ளன. பழைய முறையில் ஒவ்வொரு நிலையத்தின் அளவும் சில நொடிகளுக்கு ஒருமுறை அவர்கள் திரையில் வந்து சேரும். வீழ்ச்சி நொடிப்பொழுதில் நிகழுமாயின் அது போதாது.

இக்குறையைப் போக்க வந்தது பி.எம்.யு. என்னும் அளவுக் கருவி. 1988-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் கல்லூரியில் இதனை முதன்முதலில் உருவாக்கிய குழுவை நடத்தியவர்களுள் ஒருவர், இந்தியாவில் பிறந்த அருண் பட்கே. வானத்துத் துணைக்கோள்களின் கடிகாரத்தைக் கொண்டு, நாடெங்குமுள்ள இக்கருவிகள் ஒரே நேரக் குறிப்புடன், நொடிக்கு 25 முறை அளந்து அனுப்புகின்றன. நம் நாட்டில் 2010-இல் வட மண்டலத்தில் சோதனையாகத் தொடங்கிய இவ்வேற்பாடு, 2012 ஜூலை 30, 31 தேதிகளில் நேர்ந்த பெரும் இருட்டடிப்புக்குப் பின் விரிவாக்கப்பட்டது. அந்த 31-ஆம் தேதி ஏறக்குறைய 62 கோடி மக்கள் வாழும் பகுதிகள் மின்சாரம் இழந்தன.

குளத்தில் கல் விழுந்தால் அலை முதலில் அருகிலுள்ள கரையைத் தொடும். அதுபோல் ஒரு ஜெனரேட்டர் நின்றால், அதிர்வெண்ணின் வீழ்ச்சி முதலில் அதற்கு அருகிலுள்ள கருவியில் தெரியும்; தொலைவிலுள்ளவற்றில் சற்றே பிந்தித் தெரியும். இந்த நேர வேற்றுமையைக் கொண்டு நின்ற இடத்தையும், வீழ்ச்சியின் வேகத்தைக் கொண்டு இழந்த அளவையும் கணிக்கின்றனர்.

பலகைகளும் காற்றாலைகளும் மிகுந்த மின்தொகுப்பில் இக்கணிப்பும் தடுமாறுகிறது. மேகம் ஒன்று கடந்தாலும் உற்பத்தி இறங்கும். காற்று ஓய்ந்தாலும் இறங்கும். அவை சரிவாக இறங்குவன; யந்திரம் நிற்பதோ படி போல் சட்டென இறங்குவது. ஆயினும் பல சரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது அவற்றினிடையே ஒரு படியைப் பிரித்தறிவது எளிதன்று. சேமிப்பு பேட்டரிகள் நொடியில் கைகொடுத்து, இழப்பின் அடையாளத்தையே மறைத்துவிடுவதும் உண்டு. அதிர்வெண் ஒன்றையே பார்த்திருப்பதும் போதாது. 2025 ஏப்ரல் 28-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது, மின்னழுத்தம் அளவு மீறி உயர்ந்ததால் உற்பத்தி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின.

அறிந்த குறைவும் அறியாத குறைவும்

2020 ஏப்ரல் 5-ஆம் தேதி இரவு 9 மணிக்கு, நாடு முழுவதும் 9 நிமிடங்கள் விளக்கணைக்கும்படி மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டது நினைவிருக்கலாம். அன்று தேவை 31,089 மெகாவாட் குறைந்தது. அந்நேரத்து மொத்தத் தேவையில் அது நான்கில் ஒரு பங்குக்கும் மேல். எனினும் அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையிலேயே நின்றது. நேரம் முன்கூட்டியே தெரிந்திருந்தமையால், நீர்மின் நிலையங்களை ஆயத்தமாக வைத்திருந்தனர். 2019 டிசம்பர் 26-இல் கங்கண சூரிய கிரகணம் நம் மாநிலத்தின் மீது கடந்து சென்றது. அதுவும் பஞ்சாங்கத்தில் நிமிடம் தவறாமல் குறிக்கப்பட்டிருந்த குறைவு ஆதலால் இடர் ஒன்றும் விளையவில்லை.

இதற்கு மாறானது 2019 ஆகஸ்ட் 9-ஆம் தேதி மாலை பிரிட்டனில் நேர்ந்தது. மின்பாதை ஒன்றில் இடி விழுந்தது. அதனைத் தொடர்ந்து கடலில் உள்ள ஹார்ன்சீ காற்றாலைப் பண்ணையும், லிட்டில் பார்ஃபோர்டு எரிவாயு நிலையமும், ஊரெங்கும் பரவிக் கிடந்த சிறு மின்னுற்பத்திக் கருவிகளும் சிறிது நேரத்திற்குள் விலகிக்கொண்டன. கணக்கிட்ட இழப்பு 1,878 மெகாவாட். அக்கணத்திற்கு அவர்கள் ஒதுக்கி வைத்திருந்ததோ 1,000 மெகாவாட் அளவே. அதிர்வெண் 48.8-க்கு இறங்கி, ரிலே கருவிகள் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட இணைப்புகளைத் துண்டித்தன. இழப்பு மொத்தத் தேவையில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. அதிலும் சிறு கருவிகளின் இழப்பு எவ்வளவு என்பதைப் பின்னர் உத்தேசமாகவே மதிப்பிட முடிந்தது. எந்தத் திரையிலும் அவை தெரியவில்லை.

நான்கில் ஒரு பங்கு மாறியும் ஒரு நாடு தாங்கியது. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இழந்து மற்றொன்று தடுமாறியது. இருவேறு மின்தொகுப்புகளை எல்லா வகையிலும் ஒப்பிட இயலாது என்பது மெய்யே. எனினும், தணிக்கைக்குச் செல்லும் எவரும் அறிந்த உண்மை இதில் உள்ளது. சங்கத்தில் இருப்புக் குறைவது குற்றமன்று. குறைந்ததைக் குறிக்காமல் விடுவதே பின்னாளில் சங்கத்தைக் கவிழ்க்கிறது.

நம் நாட்டிலும் இதன் அறிகுறிகள் உண்டு. 2022-ஆம் ஆண்டு முதல், ராஜஸ்தானில் சூரிய மின்பூங்காக்கள் செறிந்த பகுதியில், ஒரே வேளையில் 1,000 மெகாவாட்டுக்கு மேல் இழந்த நிகழ்ச்சிகள் பன்முறை நேர்ந்துள்ளன. அங்கே ஒரு பெரிய யந்திரம் கெட்டுப்போகவில்லை. மின்னழுத்தத்தில் நேர்ந்த ஒரு குலுக்கலைக் கண்டு, எண்ணற்ற இன்வெர்ட்டர்கள் ஒருசேர விலகிக்கொண்டன.

இலங்கையின் படிப்பினை

நமக்கு மிக அண்மையில் உள்ள சான்று இலங்கை. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் 11 மணிக்குச் சற்றுப் பின், பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் பழுது ஏற்பட்டு, தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. குரங்கு ஒன்று மின்கருவியில் பட்டதே காரணம் என்று அந்நாட்டு அமைச்சர் கூறியதும், உலகெங்கும் அதனை வேடிக்கையாகப் பேசினர். குரங்கு எந்நாளும் இருந்ததுதான். அன்று மட்டும் தீவு முழுவதும் இருண்டதேன்? விடுமுறை நாளாதலால் தேவை குறைவு. வெயில் நாளாதலால் கூரைப் பலகைகளின் பங்கு மிகுதி. சுழலும் யந்திரங்களின் பங்கு குறைவு. இதனால் மின்தொகுப்பின் நிலைமம் தாழ்ந்திருந்தது என்று இலங்கை மின்சார சபை பின்னர் விளக்கியது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் 300 மெகாவாட் யந்திரங்கள் மூன்றும் நின்றுவிட்டன. அவை மீளச் சில நாட்கள் ஆயின. அதுவரை ஒன்றரை மணி நேர மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது.

இரண்டு திங்கள் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, கூரைப் பலகை வைத்திருப்போர் பகல் 3 மணிவரை அவற்றை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. கடன்பட்டுப் பலகை வாங்கிய குடும்பத்தார் நல்ல வெயில் நாளில் அதனை அணைத்து வைக்க நேரிட்டது. ஒவ்வொரு கூரையும் எந்நேரத்தில் எவ்வளவு தருகிறது என்று கண்டு, தேவையான அளவு மட்டும் குறைக்க வழியிருந்தால், எல்லாரையும் ஒருசேர நிறுத்தச் சொல்ல வேண்டியிராது. கணக்கில்லாத இடத்தில் தண்டனை எல்லார்க்கும் பொதுவாகிவிடுகிறது.

இதனைக் காட்டிச் சூரிய மின்சாரமே வேண்டா என்பாரும் உளர். அவர்களோடு நான் உடன்படவில்லை. நம் மாநிலத்தின் உச்சத் தேவை 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட்டை எட்டியது. முப்பந்தல், கயத்தாறு முதலிய இடங்களின் காற்றாலைகளும் கமுதி முதலிய இடங்களின் பலகைகளும் இல்லாமல் அத்தேவையை நிறைவேற்றும் வழி, நிலக்கரியை மேலும் எரிப்பதே. கேள்வி பலகை வேண்டுமா வேண்டாவா என்பதன்று. அது கணக்கில் உள்ளதா இல்லையா என்பதே.

சிறியோருக்கும் கணக்கு உண்டு

"நம் சங்கத்துக் கூரையில் இருப்பது 10 கிலோவாட், அது நின்றால் நாட்டுக்கு என்ன நட்டம்?" என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். கூட்டுறவாளர் கேட்கத் தகாத கேள்வி இது. சிறு பங்குகள் சேர்ந்துதான் நம் சங்கங்கள் எழுந்தன. ஒரு வீட்டுக்கு 3 கிலோவாட் என ஒரு லட்சம் வீடுகள் சேர்ந்தால் 300 மெகாவாட். அது நுரைச்சோலையின் ஒரு யந்திரத்துக்குச் சமம். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். இவையெல்லாம் ஒரே வகை இன்வெர்ட்டர், ஒரே வகை அமைப்பு உடையனவாயின், ஒரே கணத்தில் விலகவும் கூடும்.

ஜெர்மனி இதனைப் பட்டறிந்தது. அங்கே அதிர்வெண் 50.2-ஐத் தொட்டவுடன் நின்றுவிடும்படி கூரை இன்வெர்ட்டர்கள் அமைக்கப்பட்டிருந்தன. ஒருசில கூரைகளே இருந்தபோது அது நல்ல விதி. லட்சக்கணக்கில் பெருகியபோது, எல்லாம் ஒருசேர நின்று நாட்டையே இருளாக்கும் ஆபத்து தோன்றியது. 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 3 லட்சத்திற்கும் மேற்பட்ட நிலையங்களின் இன்வெர்ட்டர்களைத் திருத்தியமைத்தனர். அச்செலவைக் கூரைக்கு உரியவர்மேல் சுமத்தவில்லை. மின்பாதைக் கட்டணத்திலும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்திற்கான பொது வரியிலும் சேர்த்து, நாட்டு மக்கள் அனைவரும் பகிர்ந்துகொண்டனர். பொது நன்மைக்கான செலவு பொதுச் செலவாகவே இருந்தது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, சங்கக் கட்டடத்திலோ அங்கத்தினர் வீட்டிலோ பலகை அமைத்தால், அதன் அளவை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முறையாகப் பதிவு செய்ய வேண்டும். பின்னர் இரண்டு பலகைகளைச் சேர்த்தாலும் அதனையும் தெரிவிக்க வேண்டும். பதிவில்லாத பலகை, பேரேட்டில் ஏறாத வரவு போன்றது.

இரண்டாவது, இன்வெர்ட்டரில் அதிர்வெண், மின்னழுத்தம் இவற்றின் வரம்புகள் எவ்வாறு வைக்கப்பட்டன என்று, அமைத்துக் கொடுத்தவரிடம் எழுத்துமூலம் பெற்றுக் கோப்பில் வைக்க வேண்டும். "ஊரில் மின்சாரம் நின்றால் நம் பலகையும் நின்றுவிடுகிறதே" என்று சலித்து, அதனை மாற்றிவைக்கச் சொல்வோர் உண்டு. அது பெருந்தவறு. கம்பத்தின் மேல் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைத்திருக்கின்றனர்.

மூன்றாவது, சங்கச் செயலாளர் நாள்தோறும் ஒரு குறிப்பேடு எழுத வேண்டும். நண்பகலில் இன்வெர்ட்டர் காட்டும் அளவு, அன்றைய மொத்த யூனிட், நின்ற நேரம், மீண்ட நேரம் ஆகிய நான்கு கட்டங்கள் போதும். இதனால் நாட்டுக்கு மட்டுமன்றிச் சங்கத்துக்கும் ஆதாயம் உண்டு. 10 கிலோவாட் பலகை நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 40 யூனிட் தரும். அது கெட்டதை இருமாதக் கட்டணச் சீட்டு வந்த பின்னரே அறிந்தால், 2,400 யூனிட் வீணாகியிருக்கும்.

நமக்குச் செய்யப்பட வேண்டியவை

இரண்டு மாதத்திற்கு ஒருமுறை படிக்கும் மீட்டரைக் கொண்டு, இரண்டு நொடியில் நேரும் இழப்பைக் காண இயலாது. ஆதலின் செய்தி அனுப்பும் மீட்டர்களும் கருவிகளும் தேவையே. ஆனால் ஒவ்வொரு குடிசைக் கூரையிலும் விலையுயர்ந்த கருவி வேண்டும் என்பதில்லை. ஃபீடர் தோறும், டிரான்ஸ்ஃபார்மர் தோறும் அளந்து, சில கூரைகளை மாதிரியாக எடுத்துக்கொண்டால் மொத்தத்தை நெருங்கி மதிப்பிடலாம். அச்செலவை மின்தொகுப்பின் பொதுச் செலவில் சேர்ப்பதே நியாயம். கூலிக்குத் தறி ஓட்டும் நெசவாளரும், குத்தகை நிலத்தில் மோட்டார் ஓட்டும் உழவரும், நாட்டின் அதிர்வெண்ணைக் காக்கத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது முறையாகாது.

அடுத்தது, அதிர்வெண் வீழ்ச்சியால் ஒரு ஃபீடர் துண்டிக்கப்பட்டால், அன்று மாலைக்குள் அதன் காரணமும் நேரமும் பொதுமக்கள் அறியுமாறு வெளியிடப்பட வேண்டும். எந்தெந்த ஃபீடர்கள் அவ்வாறு துண்டிக்கப்படும் பட்டியலில் உள்ளன என்பதும் தெரிவிக்கப்பட வேண்டும். மருத்துவமனை, குடிநீர் நிலையம் இவற்றை விலக்குவதில் நமக்கு மறுப்பில்லை. மற்ற வகையில் நகரமும் கிராமமும் முறைவைத்து இச்சுமையைத் தாங்க வேண்டும். வாய்க்காலில் நீர் குறைந்த காலத்தில் முறைப்பாசனம் வைப்பது நம் உழவர்களுக்குப் புதிதன்று. முறை தெரிந்த இடத்தில் சச்சரவு குறையும். முறை தெரியாத இடத்தில் ஐயமே வளரும்.

இவ்விரு வேண்டுகோள்களையும் நம் சங்கங்கள் தீர்மானமாக நிறைவேற்றி உரியவர்களுக்கு அனுப்பலாம். ஆனால் நம் பங்கைச் செய்யாமல் பிறர் பங்கைக் கேட்பது அழகன்று. பலகைகளைப் பதிந்து, குறிப்பேட்டை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், நம் சொல்லுக்கு மதிப்பிருக்கும்.

அன்று பேரவையில் கரும்பு விவசாயிக்கு நான் தந்த விடை முழுமையானதன்று. காரணத்தை விசாரித்து எழுதுவதாக மட்டுமே கூறினேன். இக்கட்டுரை அவ்வாக்கின் ஒரு பகுதி. முதிய நெசவாளரின் சொல்லுக்கும் இதுவே விடை. விசைத்தறியில் ஓர் இழை அறுந்தால், அதன்மேல் தொங்கும் சிறு தகடு விழுந்து தறியை நிறுத்திவிடும். கைத்தறியில் நெசவாளரின் கண்ணே அத்தகடு. நாடு முழுவதும் விரிந்த மின்தொகுப்பு என்னும் தறியில் இன்று நம் கூரைகளும் இழைகளாகிவிட்டன. அறுந்தால் தெரியும்படி அவற்றை வைத்திருப்பது நம் கடமை. தெரிந்ததை மறைக்காமல் நமக்குச் சொல்வது நிர்வாகத்தின் கடமை. அடுத்த பேரவைக்கு முன் ஒவ்வொரு சங்கமும் தன் குறிப்பேட்டின் முதற்பக்கத்தை எழுதித் தொடங்குமாக.